அப்பாரு காலத்துத் துப்பாக்கி, மேல பூரா ஏதேதோ முத்திரை – வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தாராபுரத்தான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊரு தாராபுரம் பக்கம். எங்க பெரியப்பா பேர்ல ஒரு பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்குதுங்க, வெள்ளாமைப் பாதுகாப்புக்குன்னு அப்பாரு (தாத்தா) காலத்துலயே வாங்குனது, அப்பாரு போனப்பறம் பெரியப்பா பேருக்கு மாத்தியாச்சு. எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல ஒப்படைக்கிறது, முடிஞ்சா வாங்கிட்டு வந்து அட்டாலில வெக்கிறது, ஆயுத பூசைக்கு எறக்கி சந்தனம் குங்குமம் வெக்கிறது, இத்தோட சரி, சுட்டு நான் பார்த்ததே இல்லீங்க. இப்ப ரெனிவலுக்கு எழுதுறப்ப துப்பாக்கில இருக்கிற அடையாளமெல்லாம் சரியா எழுதிக் குடுங்கன்னுட்டாங்க, அதுக்காக எறக்கித் தொடச்சா ஒடம்பு பூரா ஏதேதோ குத்தி வெச்சிருக்குது, வருசா வருசம் வெச்ச சந்தனம் குழிக்குள்ள எறங்கி கல்லாட்டம் கெட்டியா கெடக்குது, பாதி தெரியவே மாட்டேங்குது.

வாய் வழியா மருந்து போட்டு இடிக்கிற டைப்புங்க. நிறுத்துனா என்ற தோள் ஒசரம் வருது. குதிரைக்குக் (தட்டி வெடிக்க வெக்கிற சுத்திக்கு) கீழ வெடி கேப்பு வெக்கிற மூக்கு இருக்குது. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

குதிரை மாட்டியிருக்கிற இரும்புத் தகட்டுல பின்னாடி ஒரு கிரீடம், அதுக்கடில வி ஆர்னு இங்கிலீஸ் எழுத்து. முன்னாடி பக்கம் டவர்னு எழுதி 1860. குழலோட பின்பக்கம் மறுபடி கிரீடம், கூடவே ரெண்டு குச்சி குறுக்கா இருக்கிற மாதிரி, பெரியப்பா அது ரெண்டு கத்தின்னு சொல்றாரு. கட்டைல மூணு கோடு ஒரு முனைல சேர்ற மாதிரி ஒரு குறி, அதுக்குக் கீழ இங்கிலீஸ் ஐ (I). அம்மா பார்த்துட்டு இது நாமம், யாரோ பெருமாள் கோயிலுக்குக் குடுத்த துப்பாக்கி போலன்னு கும்புட்டுக்கிட்டாங்க. அதே மூணு கோடு இன்னொரு எடத்துல ரெண்டு, முனையும் முனையும் முட்டிக்கிட்டு நிக்குது. ஸ்க்ரூ தலைல எல்லாம் அரத்துல கீறுன மாதிரி சின்னச் சின்ன வெட்டு.

கடைசியா ஒண்ணு, அதுதான் மண்டையக் கொடையுது. அடிக்கட்டைல இருக்கிற பித்தளைத் தகட்டுல தமிழ்ல எழுதியிருக்குதுங்க! உளியில வெட்டுன மாதிரி "உயரு"ன்னு இருக்குது.

பெரியப்பா சொல்றது என்னன்னா இது தீரன் சின்னமலை படைல இருந்த துப்பாக்கி, ஓடாநிலைக் கோட்டைய இடிச்சப்ப எங்க முன்னோர் ஒருத்தர் தூக்கிட்டு வந்துட்டாரு, "உயரு"ங்கறது அவரு குடுத்த வாக்குன்னு. சின்ன வயசுல இருந்து இதக் கேட்டுத்தான் வளந்தோம். ஆனா அந்த 1860 இடிக்குதுங்களே?

---

சென்னிமலையான்

கத்தி, கிரீடம் எல்லாம் இருந்தா திப்பு சுல்தானுதா கூட இருக்கலாமுங்க. லண்டன் ஏலத்துல கோடிக்கணக்குல போகுதாம், வாட்சப்புல வீடியோ வந்துச்சு.

---

பழைய_இரும்பு

திப்பு வேண்டாமுங்க, அவர அப்படியே விட்டுருங்க. திப்புவோட துப்பாக்கின்னா எங்க பார்த்தாலும் புலி வரி இருக்கும், குதிரையே புலித் தலையா செஞ்சிருப்பாங்க, வருசம் அவரு போட்ட தனிக் கணக்குல இருக்கும், அந்த எண்ணையும் வலது பக்கத்துல இருந்து இடதுக்குப் படிக்கணும். கிரீடமும் வி ஆரும் அங்க வராது. கோடி ரூவா வீடியோ போடறவன், இரிடியம் கலசம் விக்கிறவன் எல்லாம் ஒரே குடும்பம்.

இப்ப தாராபுரத்தாருக்கு வர்றேன். நீங்க நல்லா விவரமா எழுதியிருக்கீங்க, போட்டோ இல்லாமயே பாதி சொல்லலாம்.

எந்த முத்திரையப் பார்த்தாலும் மொதல்ல கேக்க வேண்டியது இத யாரு குத்துனதுன்னு. ஒரே துப்பாக்கில அஞ்சாறு பேரு வேற வேற காலத்துல குத்தியிருப்பான். செஞ்சவன் ஒண்ணு, சோதிச்சவன் ஒண்ணு, வாங்குன சர்க்காரு ஒண்ணு, எடுத்துட்டுப் போன பட்டாளம் ஒண்ணு, ஏலத்துல வித்தவன் ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே ஆள் ஒரே நாள்ல குத்துனான்னு நெனச்சுப் படிச்சா கதைதான் வரும்.

வி ஆர் விக்டோரியா ராணி. கிரீடத்தோட வி ஆர் இருந்தா அது அரசாங்கச் சாமான். அந்தக் காலத்துல இதே மாடல வெளி மார்க்கெட்டுக்கும் செஞ்சு வித்தாங்க, அதுல வெறும் கிரீடம் மட்டும் போட்டு வி ஆர விட்டுருப்பாங்க. ஆக உங்களுது ராணுவத்துக்குன்னே செஞ்சது. டவர்னா லண்டன் டவர் கோட்டை, ஆனா அங்க வெச்சுச் செஞ்சதுன்னு அர்த்தமில்ல, பர்மிங்ஹாம்லயும் லண்டன்லயும் காண்ட்ராக்ட் எடுத்த பட்டறைக்காரங்க செஞ்சு சர்க்காரு சோதனைக்கு அனுப்புனது. அதுக்கு சாட்சி ஸ்க்ரூல இருக்கிற வெட்டு. பட்டறை வேலைன்னா ஒவ்வொரு துப்பாக்கியும் கைல அரம் போட்டுச் சேர்த்தது, ஒண்ணோட ஸ்க்ரூ இன்னொண்ணுக்குச் சேராது, கழட்டினா மாறிடக் கூடாதுன்னு ஒண்ணு கோடு, ரெண்டு கோடுன்னு கீறி வெப்பாங்க, கட்டைக்கு உள்பக்கம் பார்த்தா அதே கணக்குல ரோமன் நம்பர் கூட வெட்டியிருக்கலாம். என்ஃபீல்டு அரசாங்க ஃபேக்டரில 1850கள் கடைசிலயே அமெரிக்காவுல இருந்து மிஷின் எறக்கி எந்த பாகமும் எதுக்கும் சேர்ற மாதிரி செய்ய ஆரம்பிச்சுட்டான், அதுக்கு இந்தக் கீறல் தேவையே இல்ல.

ரெண்டு கத்தி கத்தியில்ல, செங்கோல். குறுக்கா வெச்ச ரெண்டு செங்கோலும் மேல கிரீடமும் வெடிச் சோதனைல தேறின குழல்னு அர்த்தம். குழலுக்குள்ள வழக்கத்த விட அதிகமா மருந்து போட்டு வெடிச்சுப் பார்ப்பாங்க, வெடிச்சுச் சிதறலைன்னா குத்து.

நாமம் நல்லாயிருக்குங்க, ஆனா துப்பாக்கியத் தலைகீழா புடிச்சாத்தான் நாமம், நேரா புடிச்சா அம்பு. அகல அம்புன்னு பேரு, பிரிட்டிஷ் சர்க்காரு சொத்துன்னு அர்த்தம், துப்பாக்கில மட்டுமில்ல, ராணுவ சாமான் பலதுலயும் இருக்கும். கீழ ஐ இருந்தா இந்திய அரசாங்கத்துக் கணக்கு. அதே அம்பு ரெண்டு முட்டிக்கிட்டு நின்னா பட்டாளத்துக் கணக்குல இருந்து கழிச்சு வெளிய வித்தாச்சுன்னு அர்த்தம். உங்க குடும்பத்துக்கு முக்கியமான முத்திரை இதுதான். யாரும் கோட்டைல இருந்து தூக்கிட்டு வரல, முறையா வித்திருக்காங்க.

சின்னமலை விசயத்த நான் சொல்ல வேண்டியதில்ல, நீங்களே சொல்லிட்டீங்க. அவர சங்ககிரில தூக்குல போட்டது 1805. அன்னிக்கு கம்பெனிச் சிப்பாய் கைல இருந்தது சக்கிமுக்கிக் கல்லு வெச்ச துப்பாக்கி, கேப்புங்கிற சாமானே பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு 1840 வாக்குலதான் முழுசா வந்துச்சு. கம்பெனி காலத்து லாக்குன்னா (குதிரை மாட்டியிருக்கிற அந்தத் தகடுதான் லாக்கு) அதுல இதயம் மாதிரி ஒரு படம் போட்டு நாலாப் பிரிச்சு உள்ள கம்பெனி எழுத்து, மேல 4 மாதிரி ஒரு குறி இருக்கும், 1808 வாக்குக்கு அப்பறம் வந்ததுல கிரீடத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிற சிங்கம். அப்படி ஒண்ணு யார் வீட்லயாவது கெடந்து "இது சின்னமலை காலம்"னு சொன்னா நான் உக்காந்து கேப்பேன்.

உங்ககிட்ட ரெண்டு கேள்வி. குழலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா வரி வரியா முறுக்கு இருக்குதா, வழவழன்னு இருக்குதா? பின்னாடி குறி பார்க்கிற சைட்டு தூக்கி எறக்குற ஏணி மாதிரியா, இல்ல சும்மா ஒரு வெட்டு போட்ட கட்டையா? முடிஞ்சா குழல் வாயோட அகலத்த வெர்னியர்ல அளந்து சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மரக்குச்சிய வாய் வழியா உள்ள விட்டு எவ்வளவு தூரம் போகுதுன்னு குறி பண்ணி அதே குச்சிய வெளிய வெச்சுப் பாருங்க. கேப்பு மூக்கு இருக்கிற எடம் வரைக்கும் வரணும். நாலு விரக்கடை குறைஞ்சா உள்ள மருந்தும் ரவையும் இன்னும் இருக்குதுன்னு அர்த்தம், அப்பாரு கெட்டிச்சு வெச்சது. அப்படியிருந்தா தொடாதீங்க, வாய் இருக்கிற பக்கம் ஆள் நிக்காம வெச்சுட்டு லைசென்ஸ் இருக்கிற துப்பாக்கிக் கடைக்காரரக் கூப்புடுங்க. கருப்பு மருந்து காஞ்ச நிலைல இருந்தா எத்தன வருசமானாலும் புடிக்கும்.

"உயரு" பத்தி அப்பறம் சொல்றேன், அந்தத் தகட்ட மட்டும் ஒரு போட்டோ போடுங்க. லாக் நம்பர், லைசென்ஸ் நம்பர் எதுவும் தெரியாம எடுங்க.

---

கோபி வக்கீல்

சட்டம் பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை, ஏன்னா இந்த மாதிரி திரில எல்லாரும் "பழசுக்கு லைசென்ஸ் வேண்டாம்"னு அடிச்சு விடுவாங்க.

1959 ஆயுதச் சட்டம் 45-ஆவது பிரிவுல ஒரு விலக்கு இருக்கு. வழக்கொழிஞ்ச மாடல், பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது இதுக்கெல்லாம் சட்டம் பொருந்தாதுன்னு. ஆனா முழுசாப் படிக்கணும், ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் சுடவே முடியாத நிலையில இருந்தாத்தான் அந்த விலக்கு. உங்களுது மூக்கு அடைப்பெடுத்து கேப்பு வெச்சா வெடிக்கும்னா அது சட்டப்படி துப்பாக்கிதான், 1860 ஆனாலும் சரி. லைசென்ஸ் நடப்புல வெச்சிருக்கீங்க, அப்படியே தொடருங்க, ரெனிவல் தேதி தாண்ட விடாதீங்க.

இன்னொண்ணு. அதே சட்டத்துல 8-ஆவது பிரிவு, துப்பாக்கி மேல இருக்கிற பேரு, நம்பர், அடையாளம் எதையும் அழிக்கவோ மாத்தவோ கூடாது. அழிஞ்சு போன துப்பாக்கி உங்க கைல இருந்தா நீங்கதான் அழிச்சீங்கன்னு எடுத்துக்குவாங்க, இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும். துரு எடுக்கறேன்னு எமரி பேப்பரத் தூக்கறதுக்கு முன்னாடி இத நெனச்சுக்குங்க. சந்தனம் வெக்கிறதுக்கு ஒரு தடையும் இல்ல.

யாராவது வெளிநாட்டுக்கு வாங்கறேன்னு வந்தா நூறு வருசம் தாண்டின பழம்பொருளுக்கு 1972-ல போட்ட தனிச் சட்டம் இருக்கு, தனியார் ஏற்றுமதி பண்ண முடியாது.

---

பவானி ஹவில்தார்

தம்பி, நான் பட்டாளத்துல இருந்து வந்தவன். முன்வாய் துப்பாக்கி எனக்குத் தெரியாது, ஆனா பட்டாளத்துல ஓடுன .303 ரைஃபிள் பத்தி யாராவது தேடி வந்தா இருக்கட்டும்னு எழுதறேன்.

.303-ல எல்லாக் கதையும் போல்ட் கைப்பிடிக்குக் கீழ, கட்டைய மாட்டியிருக்கிற இரும்பு வளையத்துல வலது பக்கம் இருக்கும். மேல கிரீடம், ராஜா பேரோட எழுத்து, ஃபேக்டரி பேரு, வருசம், மாடல், இதே வரிசைல மேல இருந்து கீழ. ஜி ஆருக்குப் (ஜார்ஜ் ராஜா) பின்னாடி ஒரு ஐ சேர்ந்து ஜி ஆர் ஐன்னு இருந்தா கண்ண மூடிட்டு இஷாப்பூர்னு சொல்லலாம், வங்காளத்துல பாரக்பூர் பக்கம் இருக்கிற நம்ம ஃபேக்டரி. அந்த ஐ "சக்கரவர்த்தி", இந்தியாவுக்கு மட்டும் அவன் ராஜா இல்ல, சக்கரவர்த்தி. சுதந்திரத்துக்கு அப்பறம் வந்ததுல கிரீடம் போயி நம்ம சிங்கத் தலை வந்துரும், ஆர் எஃப் ஐன்னு (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) எழுதியிருக்கும். அறுபதுகள்ல அதே ஒடம்புல 7.62 தோட்டாவுக்கு 2ஏ, 2ஏ1ன்னு செஞ்சாங்க.

காலேஜ்ல என்சிசில இருந்தவங்களுக்கு டி பின்னு பெருசா குத்துன .303 ஞாபகம் இருக்கும். டிரில் பண்ண மட்டும், சுடக் கூடாதுன்னு அர்த்தம். வெடி அறைல ஓட்டை போட்டு வெச்சிருப்பான். அதுல தோட்டா போட்டுப் பார்க்கறேன்னு எவனாவது சொன்னா செவுள்லயே ஒண்ணு குடுங்க.

பல ஸ்டேட் போலீஸ்ல ஓடுன மஸ்கட்டும் இதே ஒடம்புதான், குழல மாத்தி .410 ஆக்கி, வரி முறுக்கு இல்லாம, மேகஸின் எடத்துல மரக்கட்டைய அடைச்சு ஒரு தடவைக்கு ஒரு தோட்டான்னு ஆக்கினது. பார்க்க .303 மாதிரியே இருக்குதேன்னு ஏமாறக் கூடாது, குழல்ல 410ன்னு குத்தியிருக்கும். எதுக்குன்னு கேட்டா, கைதியோ கூட்டமோ புடுங்கிட்டுப் போனாலும் ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான், தூரத்துல குறியும் நிக்காது. வெள்ளைக்காரன் 1857 சிப்பாய்க் கலகத்துக்கு அப்பறம் நம்மள முழுசா நம்புனதே இல்ல.

---

தாராபுரத்தான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. குச்சி விட்டுப் பார்த்தாச்சு, மூக்கு வரைக்கும் போகுது, உள்ள ஒண்ணுமில்ல. வழவழன்னுதான் இருக்குது, முறுக்கு கெடையாது. பின் சைட்டு தூக்கற மாதிரி இல்ல, சும்மா ஒரு சின்னக் கட்டைல வெட்டு. திருப்பூர்ல லேத் வெச்சிருக்கிற மச்சான் வெர்னியர் கொண்டாந்து அளந்தாரு, 16.8 மில்லி வருது, வாய்ல கொஞ்சம் தேஞ்சிருக்குதுன்னு சொன்னாரு.

தகட்டோட போட்டோ போட்டிருக்கேன். அம்மா புளி போட்டு வெளக்கறேன்னு கெளம்பிட்டாங்க, வக்கீலய்யா எழுதுனதப் படிச்சுக் காட்டி நிறுத்திட்டேன்.

பெரியப்பாகிட்ட 1860 பத்தி சொன்னேன். வெள்ளைக்காரன் புடுங்கிட்டுப் போயி பின்னாடி அவன் வருசத்தக் குத்திக்கிட்டான்னு சொல்றாரு.

---

பழைய_இரும்பு

ஹவில்தார் ஐயா கடைசி வரில சொன்னாரு பாருங்க, உங்க துப்பாக்கியோட கதையும் அதேதானுங்க.

1853 மாடல் என்ஃபீல்டு, அந்தக் கொழுப்பு தடவுன தோட்டா வந்ததே அதுக்குத்தான். அதோட குழல் .577 அங்குலம், மில்லில சொன்னா 14.7 வாக்கு, உள்ள மூணு வரி முறுக்கு. குண்டு சுத்திக்கிட்டே போறதால தூரத்துல அடிக்கும். 1857 முடிஞ்சதும் வெள்ளைக்காரன் யோசிச்சான், இந்தச் சாமான இனி சிப்பாய் கைல குடுக்கக் கூடாதுன்னு. ஆனா துப்பாக்கி இல்லாம சிப்பாய் எதுக்கு? அதனால வெளிய பார்த்தா அச்சு அசல் என்ஃபீல்டு, உள்ள முறுக்கு இல்லாம .656 அங்குலத்துக்கு அகலமாக் கொடைஞ்சது, அதான் 16.7 மில்லி, உங்க மச்சான் வெர்னியர் சொன்னது. 1858, 1859னு ரெண்டு மாடல் வந்துச்சு. வழவழக் குழல்ல நூறு கெஜத்துக்கு மேல குறிய நம்ப முடியாது, நூறு கெஜம் தாண்டி அடிக்காத துப்பாக்கிக்கு ஏணி சைட்டு எதுக்கு, ஒரு வெட்டு போதும். பெரிய லாக்குல ராணி பேரு, உள்ள பல்லப் புடுங்கி வெச்சிருக்கான். அப்பறம் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு 1866-ல பின்வழியா தோட்டா போடற ஸ்னைடர் வந்துச்சு, பின்னாடி மார்ட்டினி ஹென்றி, ஒவ்வொரு தடவையும் நம்ம சிப்பாய்க்கு முந்தின தலைமுறைச் சாமான்தான். இப்படி ஓஞ்சு போனதெல்லாம்தான் முட்டிக்கிற ரெண்டு அம்பு வாங்கிட்டு வெளிய வந்துச்சு.

இப்ப உயருக்கு வருவோம்.

போட்டோ பார்த்ததும் சிரிப்பு வந்துருச்சுங்க, தப்பா நெனைக்காதீங்க. பழைய கிரயப் பத்திரம் எதுவும் வீட்ல இருந்தா எடுத்து நிலத்து அளவு எழுதியிருக்கிற எடத்தப் பாருங்க. அது எழுத்தே இல்ல, தமிழ் எண். ௨ ரெண்டு, ௰ பத்து, ௫ அஞ்சு. பழைய முறைல ரெண்டு பத்து அஞ்சு, ௨௰௫, இருவத்தஞ்சு. ௨ பார்க்க உ மாதிரி, ௰ ய மாதிரி, ௫ ரு மாதிரி. வெள்ளைக்காரன் பட்டாளத்துல தாங்கில வரிசையா நிறுத்தறதுக்கு ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடுவான், அதே வேலைய நம்மாளு ஒருத்தர் தமிழ்ல செஞ்சிருக்காரு.

அதுலதான் விசயமே இருக்குது. ஒத்தத் துப்பாக்கி வெச்சிருக்கிற தோட்டத்துக்காரர் அதுக்கு நம்பர் போட மாட்டாரு. 25ன்னு போட்டா கூட 24 இருந்துச்சுன்னு அர்த்தம். 1878 ஆயுதச் சட்டத்துக்கு அப்பறம் நம்ம சனம் லைசென்ஸ் இல்லாம ஒண்ணு வெக்கிறதே கஷ்டம், விலக்கு கெடைச்சது வெள்ளைக்காரங்களுக்கும் சில பெரிய மனுசங்களுக்கும்தான். ஆக ஏலத்துல மொத்தமா எடுத்து, சேவகனுகளுக்குக் குடுத்து, கணக்குப்பிள்ளை வெச்சு நம்பர் போடற அளவுக்கு இருந்த எடம்னா ஜமீனாத்தான் இருக்கணும். உங்க குடும்பத்துல யாராவது ஜமீன்ல இருந்தாங்களா?

தேய்ச்ச முத்திரையப் படிக்க ஒரு வழி, ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச மேல இருந்து அடிக்காம பக்கவாட்டுல படுக்க வெச்சு அடிங்க, குழியெல்லாம் நெழல்ல எந்திரிச்சு நிக்கும். கெட்டியாப் போன சந்தனத்த ஊசி போட்டுக் குத்தாதீங்க, தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஊற வெச்சு மூங்கில் குச்சில நெம்புனா வந்துரும். தேங்காண்ணெய் வேண்டாம், பிசுக்குப் புடிக்கும்.

---

நொய்யல்_கரை

இடைல புகுந்து கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்கண்ணா. எங்க மாமனார் வீட்லயும் லைசென்ஸோட இதே மாதிரி ஒண்ணு இருக்குது. டவர்னு இருக்கு, கிரீடம் இருக்கு, வி ஆர் இல்ல, அம்பும் இல்ல. குழல்ல பக்கத்துக்கு ஒண்ணா 24, 24ன்னு ரெண்டு எடத்துல குத்தியிருக்கு. அப்ப 1824-ங்களா? அப்படின்னா இது அத விடப் பழசு!

---

பழைய_இரும்பு

நொய்யல், கல்யாணத்துக்கே 24-ல மொய் வெச்சதாட்டம் சந்தோசப்படறீங்க. வருசமில்லீங்க அது. டுவெல் போருன்னு சொல்றோமில்ல, அதே கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்துல இந்தக் குழலுக்குச் சேர்ற உருண்டைக் குண்டு எத்தன புடிக்கலாம்னு கணக்கு, பன்னெண்டு புடிச்சா டுவெல் போர், இருவத்தி நாலு புடிச்சா 24. அது .579 அங்குலம் வரும், அதாவது என்ஃபீல்டு அளவு. பக்கத்துல குறுக்குச் செங்கோல் இருந்து, அதோட சந்துகள்ல பி பி சி (B P C)ன்னு எழுத்து இருந்தா பர்மிங்ஹாம் சோதனைச் சாலை. வி ஆரும் அம்பும் இல்லைன்னா ராணுவத்துல இருந்ததே இல்ல, கடைக்குன்னு செஞ்சது. தோட்டத்து துரையோ ரயில்வேக்காரரோ காசு குடுத்து வாங்கியிருக்கலாம். போத்தனூரு பக்கமும் ஊட்டி மலைலயும் அப்படி நெறய இருந்திருக்கும்.

அதே மாதிரி வி ஆர் போட்டு 1901-க்கு அப்பறம் வருசம் குத்தியிருந்தா கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, ராணி செத்ததே 1901 ஜனவரில. அப்கானிஸ்தான் எல்லைப் பட்டறைல கைல செஞ்ச போலில இது சகஜம், என்ஃபீல்டுங்கிற எழுத்துல இங்கிலீஸ் என் (N) திரும்பிக் கெடக்கும்.

---

சென்னிமலையான்

அப்ப வெல எவ்வளவுங்க போகும்?

---

கோபி வக்கீல்

லைசென்ஸ் இருக்கிறவருக்கு, லைசென்ஸ் இருக்கிற டீலர் மூலமா, ஆபீசுக்குத் தெரியப்படுத்தி வித்தா என்ன கெடைக்குமோ அது. கோடியெல்லாம் மறந்துருங்க.

---

தாராபுரத்தான்

பழைய இரும்பு அண்ணா, நீங்க கேட்டத அப்படியே அத்தைகிட்டக் கேட்டேனுங்க. அப்பாருவோட அப்பாரு பொள்ளாச்சி பக்கம் ஒரு ஜமீன்ல கணக்கு எழுதுனவராமா! ஜமீன் கை நொடிச்சுப் போனப்ப சம்பள பாக்கிக்குப் பதிலா வண்டி மாடும் ஒரு துப்பாக்கியும் குடுத்தனுப்பிச்சாங்கன்னு அத்தை சொல்றாங்க, இத்தன வருசமா இத ஒருத்தரும் சொல்லல பாருங்க, சின்னமலை கதைய மட்டும் ஒறம்பரை வர்றப்பவெல்லாம் சொன்னாங்க. அவரு எழுதுன ஒரு பழைய நோட்டு இருக்குது, அதுல எண்ணு எல்லாம் இதே மாதிரிதான் இருக்குது, ௨-வோட வால் கொஞ்சம் நீட்டமா இழுத்து விடறது கூட தகட்டுல இருக்கிற மாதிரியே இருக்குதுன்னு எனக்குத் தோணுது. நோட்டப் படம் எடுத்துப் போட்டிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

ரெனிவல் படிவத்துல இப்படி எழுதியிருக்கேன், சரியான்னு வக்கீலய்யா சொல்லணும்: லாக்கில் கிரீடம், வி ஆர், டவர் 1860, குழலில் கிரீடம், குறுக்குச் செங்கோல், கட்டையில் அகல அம்பு, கீழே ஐ, எதிரெதிராக இரண்டு அம்பு, பித்தளைத் தகட்டில் தமிழ் எண் 25.

பெரியப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. "உயரு"ன்னே எழுதுன்னு நிக்கறாரு.

---

கோபி வக்கீல்

"பித்தளைத் தகட்டில் உளியால் வெட்டிய மூன்று தமிழ்க் குறிகள், ௨௰௫"ன்னு உருவத்த அப்படியே போட்டுருங்க. பாக்கறவங்க அவங்க இஷ்டப்படி படிச்சுக்கட்டும். பழைய லைசென்ஸ் புத்தகத்துல அடையாளம்னு என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பார்த்துட்டு ரெண்டும் முட்டாம இருக்கற மாதிரி எழுதுங்க.

---

பழைய_இரும்பு

நோட்டு பார்த்தேன். ௫-ஓட கீழ்ச்சுழிய அவரு மூடாம விட்டுருக்காரு, தகட்டுலயும் அதே மாதிரி தொறந்துதான் இருக்குது, ஆனா உளில வளைவு வெட்டறது கஷ்டம், யாரு வெட்டுனாலும் அங்க தொறந்துக்கும். நோட்டுல வேற பக்கம் ஏதாவது ஆயுதக் கணக்கு, சேவகர் பட்டியல் மாதிரி இருக்குதான்னு பொறுமையாத் திருப்பிப் பாருங்க, 24 வரைக்கும் யார் யாருகிட்ட இருந்துச்சுன்னு கெடைச்சாலும் கெடைக்கும்.